எடுத்தலும் வைத்தலும்

எந்தப் பொருளையும் பார்த்து எடுத்தல் வேண்டும். பார்த்து வைத்தல் வேண்டும் என்று துறவியர்க்கு விதித்தது நம் அறம். இதனை ஆதான நிக்ஷேபண சமிதி என்பர். மயிற்பீலியும் கமண்டலமும் நூலுமன்றி வேறு உடைமை அறியாத முனிவருக்கே இவ்விதி உண்டெனில், அறை நிறையப் பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாழும் இல்லறத்தாராகிய நமக்கு அது எத்துணை வேண்டியது! அகிம்சை விரதத்தைக் காக்கும் ஐந்து பாவனைகளுள் ஒன்றாகவும் உமாசுவாமிகள் தம் தத்துவார்த்த சூத்திரத்தில் இதனை வைத்துள்ளார். ஒரு பொருளை எங்கே, எப்படி, எவ்வளவு காலம் வைக்கிறோம் என்பதும் கொல்லாமையின் ஒரு பகுதியே என்பது இதன் கருத்து.

இக்கருத்தைக் கடுமையாகச் சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு பொருளை இன்று எடுத்துக்கொள்வோம். அது வெடிமருந்து. நன்கு ஆராய்ந்து தேர்ந்து, அரசின் உரிமம் பெற்று, விதிப்படி பாதுகாத்து வைப்பானாயின், வீட்டில் வெடிமருந்து வைத்திருப்பவனுக்குப் பழி இல்லையா?

எறும்புக்கும் இரங்கும் நமக்கு இக்கேள்வி எதற்கு எனச் சிலர் வியக்கலாம். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, ஆதம்பாக்கம் என இப்பகுதிகளில் குடியேறிய நம் குடும்பங்களுள் பலவற்றுக்கு வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பக்கங்களில் இன்னும் நிலமும் பழைய வீடும் உண்டு. அந்நிலங்களில் மணிலாவையும் கரும்பையும் காட்டுப்பன்றி அழிக்கிறது. அவ்வூர்ப் பக்கங்களில் நாட்டுத் துப்பாக்கி அறியாத பொருளன்று. மற்றொரு புறம், அயல்நாடு சென்ற நம் பிள்ளைகளுள் அமெரிக்காவில் வாழ்வோர், சுட்டு முடித்த தோட்டாக் கூட்டில் மீண்டும் மருந்து நிரப்பிக்கொள்ளுதலை ஒரு பொழுதுபோக்காகவே கொண்ட அண்டை வீட்டாரைக் காண்கின்றனர். ஆகவே இக்கேள்வி நம் வாசலுக்கு வெகு தொலைவில் இல்லை.

நாட்டுத் துப்பாக்கி என்பது குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, கோலால் கிட்டித்து, அதன்மேல் ரவையை இட்டுச் சுடும் கருவி. ஒவ்வொரு முறையும் மருந்தை அளந்து இடுபவன் அதனை வைத்திருப்பவனே. வீட்டில் தோட்டா நிரப்பும் வழக்கத்துக்கு நம் நாட்டில் மிக அண்மையான உறவு இதுதான். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்காக இத்தகைய துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடம் தருகிறது. ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாக 2019-ஆம் ஆண்டின் திருத்தம் குறைத்தது. முழுமையான தோட்டா மட்டுமன்றி, அதன் உறுப்புகளும், அதனைச் செய்யும் பொறிகளுங்கூட அச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும். அமெரிக்காவில் கடையில் வாங்கி மேசைமேல் நடத்தும் பொழுதுபோக்கை, உரிமமின்றி இங்கே நடத்துதல் குற்றமாகும்.

நம் மொழி இப்பொருளை மருந்து என்றே வழங்குகிறது. நோய் தீர்ப்பதற்கும் அதே சொல். உயிர் போக்குவதற்கும் அதே சொல். அளவு தவறினால் இரண்டும் கேடு செய்யும். இவ்விரு மருந்துகளையும் குழந்தைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். பெயர் எழுதிய கலத்திலேயே வைக்க வேண்டும். பழையது ஆனால் ஒதுக்க வேண்டும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நோய் மருந்தைத் தவறாகக் கையாண்டால் பெரும்பாலும் உண்டவனே துன்புறுவான். வெடிமருந்து பக்கத்து வீட்டையும் விடாது.

தேர்தலைப் பற்றி முதலில் சொல்வோம். வெடிமருந்து இருவகை. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கலந்த பழைய கரிமருந்து ஒன்று. சிறு பொறியிலும் உராய்விலும் தீப்பற்றி நொடியில் வெடிக்கும் இயல்புடையது அது. மற்றொன்று புகையற்ற மருந்து. 1884-இல் பிரான்சு நாட்டின் பால் வியேல் என்பார் இதனை உருவாக்கினார். நைட்ரோசெல்லுலோசு இதன் அடிப்படை; சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேரும். இவ்வினத்தைச் சார்ந்த கார்டைட்டுக்கென நம் நீலகிரியின் அருவங்காட்டில் 1903-இல் ஒரு தொழிற்சாலை நிறுவப்பட்டது. புகையற்ற மருந்து திறந்த வெளியில் வெடிக்காமல் விரைந்து எரியும். அடைபட்ட இடத்தில் அழுத்தம் மிகுந்து கொடிதாகும். இதனுள்ளும் விரைந்து எரிவன, மெல்ல எரிவன எனப் பல தரங்கள் உண்டு. கைத்துப்பாக்கிக்குரிய விரைவு மருந்தை நீள்துப்பாக்கிக்குரிய அளவில் இட்டால் குழலே வெடித்துச் சுட்டவனின் முகத்தைச் சிதைக்கும். பழைய நாட்டுத் துப்பாக்கியில் கரிமருந்துக்குப் பதிலாகப் புகையற்ற மருந்தை இடுதலும் அத்தகைய கேடே. கண்ணால் பார்த்து இன்ன தரம் என அறிதல் இயலாது. பல தரங்கள் ஒரே நிறமும் ஒரே வடிவும் உடையன. ஆகையால் இத்தொழிலில் தேர்ந்தவர்கள் சில விதிகளை உறுதியாகக் கொள்வர். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரு மருந்தே இருத்தல் வேண்டும். ஒன்றோடொன்று கலத்தல் ஆகாது. மிஞ்சியதை அதன் சொந்தக் கலத்திலேயே திரும்ப இட வேண்டும். பெயர்ச்சீட்டு இழந்த கலத்து மருந்தைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட வேண்டும். பிரைமர் எனப்படும் தீமூட்டிகளை மருந்தோடு சேர்த்து வைத்தல் கூடாது.

வைத்தலின் நெறியும் இதைப் போன்றே நுட்பமானது. குளிர்ந்த, ஈரமற்ற, வெயில் படாத இடம் வேண்டும். புகைபிடித்தலும் விளக்கும் அடுப்பும் அருகில் கூடா. இரும்புப் பெட்டியில் இறுகப் பூட்டி வைத்தலே பாதுகாப்பு என நாம் எண்ணுவோம். புகையற்ற மருந்துக்கு அது நேர்மாறு. தீ நேர்ந்தால் இறுகிய இரும்புப் பெட்டி வெடிகுண்டாகிவிடும். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நெறி, வீடுகளில் 20 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 9 கிலோ வரை, வாங்கிய கலங்களிலேயே வைக்க இடம் தருகிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை ஓர் அங்குலத்துக்குக் குறையாத கனமுள்ள மரப்பெட்டியில் வைக்கச் சொல்கிறது. மரம் வெப்பத்தை எளிதில் உட்புக விடாது. அழுத்தம் மிகுந்தால் இறுகப் பிடித்துக்கொள்ளாமல் விட்டுக்கொடுக்கும்.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எமக்குச் சோடியத்தை மண்ணெண்ணெயிலும் வெண்பாசுவரத்தை நீரிலும் வைக்கக் கற்பித்தனர். இடம் மாற்றி வைத்தால் இரண்டுமே கேடு. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் இயல்பு அறிந்து இடம் தருவதே வைத்தல். எல்லாவற்றையும் ஒரே பூட்டுக்குள் அடைத்தல் வைத்தல் ஆகாது என்பதை யாம் எம் மாணவியர்க்கு ஆண்டுதோறும் சொல்லி வந்தோம்.

இனி, நெறிப்படி வைத்த பின்னும் தீராத ஒரு செய்தி உண்டு. புகையற்ற மருந்து கலத்துக்குள் இருக்கும்போதே மெல்ல மெல்லச் சிதைகிறது. அச்சிதைவில் எழும் வாயு மேலும் சிதைவை விரைவுபடுத்துகிறது. அவ்வாயுவை ஏற்றுக்கொள்வதற்கென டைபினைல்அமீன் போன்ற நிலைநிறுத்திகளைச் சேர்க்கின்றனர். வெப்பமும் காலமும் மிகும்போது அக்காப்பும் தீர்ந்துபோகிறது. காரமான அமில நெடியும் செம்பழுப்புப் புகையும் அதன் அடையாளங்கள். 1907 மார்ச்சு 12-இல் துலோன் துறைமுகத்தில் பழுதுபார்க்க நிறுத்தியிருந்த இயேனா என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் வெடித்து 100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1911 செப்டம்பர் 25-இல் அதே துறைமுகத்தில் லிபர்த்தே என்னும் கப்பல் வெடித்து 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பகைவர் எவரும் சுடவில்லை. கப்பலின் மருந்தறையில் வைத்திருந்த மருந்து தானே சிதைந்ததே காரணம் எனக் கண்டனர். தேர்ந்த கடற்படையின் காவலில் இருந்த மருந்தின் நிலை இது. கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் உள்ள பரண் எவ்வளவு கொதிக்கும் என்பதைத் தாம்பரத்தில் வாழ்வோர்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

வெப்பத்தைவிடக் கொடியது மறதி. 2020 ஆகஸ்டு 4-இல் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டு வெடித்து 200-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அச்செய்தி வந்த பின்னரே, சுங்கத்துறை 2015-இல் கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் அதே பொருள் சென்னை மணலியின் சரக்கு நிலையம் ஒன்றில் ஐந்து ஆண்டுகளாகக் கிடப்பது ஊரார் பேச்சாயிற்று. அம்மாதத்திலேயே அதனை ஐதராபாத்துக்கு அகற்றினர். அங்கே வைத்தவர் எவருக்கும் தீய எண்ணம் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. வைத்தது முறைப்படியே, வைத்த பின் காலம் கடந்தது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, கீழ்த்தளத்து அறைகளில் இருந்தவை யாருடையவை, எங்கே சென்றன என்று அறியாமல் மிதந்தன. எந்தப் பூட்டும் வெள்ளத்தையும் காலத்தையும் அறியாது.

வைத்தவனின் பிழையை வைத்தவனே சுமப்பதுமில்லை. 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது 30-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அவ்வாலையின் தொழிலாளர் அல்லர்; தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்த அண்டை ஊரார். 2020 மே மாதம் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், காட்டுப்பன்றிக்காக வெடிமருந்து பொதிந்து வைத்த காயைக் கடித்த பிடி யானை ஒன்று வாய் சிதைந்து, உண்ண இயலாமல் அலைந்து, ஆற்று நீரில் நின்றபடியே மே 27 அன்று உயிர்விட்டது. அதன் வயிற்றில் கன்று இருந்தது. வைத்தவன் யானையை எண்ணவில்லை; கன்றை அறியவே மாட்டான். அவன் எண்ணியதற்கும் நிகழ்ந்ததற்கும் இடையே மருந்து நின்றது.

இங்கே நம் நூல்களைத் துணைக்கொண்டு ஒருவர் மறுப்புக் கூறலாம். அசாவதானம் உடையவனால் உயிர் நீங்குவதே இம்சை என்றுதானே உமாசுவாமிகள் இலக்கணம் வகுத்தார்? நிலம் நோக்கி நடக்கும் முனிவரின் அடியில் தற்செயலாக ஒரு சிற்றுயிர் அகப்பட்டால் அவருக்குக் கொலைப் பாவம் இல்லை என்றுதானே ஆசாரியர்கள் விளக்கினர்? அப்படியாயின் முழுக் கவனத்தோடு மருந்தைப் பாதுகாப்பவனுக்கும் அதே விலக்கு உண்டன்றோ?

இம்மறுப்பு எளியதன்று. யாம் பன்முறை எண்ணிப் பார்த்தோம். முனிவரின் கவனம் அவர் அடியெடுத்து வைக்கும்போது உடன் வருகிறது; நடை முடிந்ததும் அக்கவனத்தின் வேலையும் முடிகிறது. மருந்தைப் பாதுகாப்பவன் நிலை அதுவன்று. அவன் உறங்கும்போதும் மருந்து உறங்குவதில்லை. அவன் பயணம் போனாலும், நோயுற்றாலும், மூப்பினால் நினைவு தளர்ந்தாலும், இறந்தே போனாலும் அது அங்கே இருக்கிறது. ஒரு கணமும் இடைவிடாத கவனத்தை வாழ்நாளுக்கும் அதற்கு அப்பாலும் உறுதி கூறத்தக்கவர் நம்முள் யார்? எழுபது கடந்த எமக்கு மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பதே பல நாள் விளங்குவதில்லை. ஆகவே கவனம் உடையவனுக்கு உள்ள விலக்கு, தன்னால் முடியாத கவனத்தைத் தலைமேற்கொள்பவனுக்குப் பொருந்தாது. தேவை மெய்யானதா, அளவு மிகக் குறைந்ததா, காலம் மிகச் சுருங்கியதா என்ற மூன்றையும் ஆராயாமல், நன்றாகப் பூட்டி வைத்திருக்கிறேன் என்பவன் விடையின் பின்பாதியை மட்டும் எழுதிய மாணவனைப் போன்றவன். எப்படி வைப்பது என்பது இரண்டாம் கேள்வி. ஏன் வைப்பது என்பதே முதற்கேள்வி.

பொழுதுபோக்குக்காக மருந்து சேர்ப்பவன் முதற்கேள்வியிலேயே தோற்கிறான் என்பது எம் துணிபு. பயனின்றி விளையும் பாவங்களைத் தடுக்கும் அனர்த்த தண்ட விரதத்துள், கொலைக்கருவி வழங்குதலையும், கவனமின்றி ஒழுகுதலையும் விலக்கினார் சமந்தபத்திரர். இரத்தின கரண்டக சிராவகாசாரத்தின் வழியில் எழுந்த நம் அருங்கலச்செப்பும் இந்நெறியைத் தமிழில் நமக்குத் தந்துள்ளது. இலக்கு நோக்கிச் சுடும் விளையாட்டில் உயிர் சாவதில்லையே எனலாம். உண்மை. அவ்விளையாட்டை மன்றங்களில், அவர்தம் காவலில் உள்ள தோட்டாவைக் கொண்டே ஆடலாம். அதற்காக மருந்தை வீட்டுக்குக் கொணர வேண்டுவதில்லை.

உழவனின் நிலை வேறு. ஓரிரவில் ஓராண்டு உழைப்பைப் பன்றி கிளறிப் போட்டால் அவன் குழந்தைகள் என்ன உண்பர்? இல்லறத்தானுக்கு உழவில் நேரும் ஆரம்ப இம்சையும், தற்காப்பில் நேரும் விரோதி இம்சையும் முற்றும் நீக்க இயலாதவை என நம் ஆசாரியர்களே ஒப்பினர். அவனைக் கொலையாளி எனத் தாம்பரத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து பழிப்பது எளிது. நம் குத்தகை நிலத்தில் அவன்தான் இரவு கண்விழிக்கிறான். அவன் அனுப்பும் மணிலாவின் எண்ணெயில்தான் நம் வீட்டு விளக்கு எரிகிறது. செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என்னும் மூன்றுக்கும் வினைப்பயன் உண்டென்று சிறு பிள்ளைகளுக்கும் கற்பிக்கிறோம். அங்ஙனமாயின், நம் நிலத்தைக் காக்க அவன் குடிசையில் வைத்திருக்கும் மருந்து, அவன் குழந்தைகளின் தலைமாட்டில் நாம் வைத்த மருந்தே. கூலியும் பங்கும் கணக்கிடும்போது இதனை நாம் கணக்கில் கொள்வதில்லை.

ஆகவே நிலமுடைய நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை சில உள. வேலி அமைக்கும் செலவில் பாதியையேனும் நிலத்துக்குரியவர் ஏற்க வேண்டும். அவ்வேலியில் மின்சாரம் பாய்ச்ச ஒருபோதும் உடன்படலாகாது, அதுவும் மனிதரையும் விலங்கையும் கொல்வதே. பன்றி அழித்த ஆண்டில் குத்தகையைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு மனு எழுதக் குத்தகைதாரருக்குத் துணைநிற்க வேண்டும். எழுத்தறிந்த நாம் இதனைச் செய்யாமல் வேறு யார் செய்வர்? காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் எனத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் முடிவு செய்தது. அது நம் அறத்துக்கு உவப்பானதன்று. எனினும் உழவன் தன் குடிசையில் மருந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற வாதத்தை அது வலுவிழக்கச் செய்கிறது என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லலாம்.

ஊரில் உள்ள பழைய வீட்டைப் பிரிக்கும்போது பாட்டனார் காலத்துத் துப்பாக்கியோ மருந்துக் குடுக்கையோ அகப்படுமாயின், அதனைத் தட்டிப் பார்த்தலும், எரித்தலும், கிணற்றில் கொட்டுதலும் ஆகா. தொடாமல் விலகிக் காவல் நிலையத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். உரிமம் உடையவர் இறந்தபின் அவர் துப்பாக்கியும் தோட்டாவும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கத்தக்கவை என்பதை வாரிசுகள் அறிந்திருத்தல் நலம்.

நிலமும் துப்பாக்கியும் இல்லாதோர், இவ்வளவும் பிறர்க்கே என நினைந்து இதழை மூட வேண்டா. பகவான் மகாவீரர் நிர்வாணம் அடைந்த திருநாளாகிய தீபாவளியில், பேரக்குழந்தைகள் கேட்டார்கள் என்று நாமும் பட்டாசு வாங்குகிறோம். மிஞ்சியதைக் கார்த்திகைக்கு ஆகும் என்று ஒரு பையில் கட்டிப் பரண்மேல் வீசுகிறோம். அதுவும் வெடிமருந்தே, சிவகாசிப் பக்கத்தில் ஒருவர் உயிரைப் பணயம் வைத்து நிரப்பியதே. அப்பை எந்த ஆண்டினது, அதற்குக் கீழே சமையல் எரிவாயு உருளை இருக்கிறதா என்பதை இவ்விதழைப் படித்து முடித்தவுடன் ஏணி வைத்துப் பார்க்கும்படி யாம் கேட்டுக்கொள்கிறோம். வயது முதிர்ந்தோர் ஏற வேண்டா. இளையோரை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். அவர்களும் கற்றுக்கொள்ளட்டும்.